அம்மாவால் இறங்கி நடக்க முடிகிற இடம்

கேள்வி: எனக்கு 52 வயது. மதுரை வில்லாபுரத்தில் இருக்கிறேன். என்னையும் சேர்த்து உடன்பிறந்தவர்கள் நான்கு பேர். அக்காவைப் பேரையூர் பக்கம் எங்கள் சொந்த ஊரிலேயே கட்டிக்கொடுத்தார்கள். அண்ணன் சென்னையில், தம்பி சிங்கப்பூரில். அப்பாவின் வருஷத் திதிக்குப் பிறகு நாங்கள் எல்லோரும் ஒன்றாகக் கூடவே இல்லை. அம்மாவுக்கு 78 வயது, மூட்டு வலி, என்னோடுதான் இருக்கிறார். பேரன் பேத்திகளையும் சேர்த்தால் 30 பேர் வருவோம். ஒரு இரண்டு நாள் கூடலாமே என்று பேச்சை எடுத்தேன். தம்பி, 'மே மாதம் கொடைக்கானலில் ரிசார்ட் போடலாம், மொத்தச் செலவும் என்னுடையது' என்கிறான். அண்ணன், 'சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலில் கூடுவோம்' என்கிறார். அக்கா, 'நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க' என்று ஒதுங்கிக்கொள்கிறார். பேசாமல் என் வீட்டிலேயே வைத்துவிடலாமா? அம்மாவைக் கேட்டால், 'எங்க வச்சாலும் சரிதான்' என்கிறார்.
– பெயர் வேண்டாம், மதுரை

பதில்: அன்புச் சகோதரிக்கு,

அக்கா சொன்ன அந்த ஒரு வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அவருக்கு வர ஆசையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். தம்பி மொத்தச் செலவையும் ஏற்பதாகச் சொன்னது அன்பினால்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அக்கா இடத்திலிருந்து பாருங்கள். மூத்தவர். உள்ளூரில் வாக்கப்பட்டவர். அவர் வீட்டுக்காரர் இரண்டு நாளும் மைத்துனன் காசில் சாப்பிட்டுத் தங்க வேண்டும். சிங்கப்பூர் பிள்ளைகளுக்கும் சென்னைப் பிள்ளைகளுக்கும் நடுவில் தன் பேரப்பிள்ளைகள் ஸ்வெட்டர் இல்லாமல் நிற்கக் கூடாது என்ற கவலை வேறு இருக்கும். இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல முடியாமல்தான் 'போயிட்டு வாங்க' என்கிறார்.

அதனால் இடம் தேடும்போது ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். வருகிறவர்களில் யாருக்கு வருவது கஷ்டமோ, அவரை வைத்துத்தான் இடம் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டில் அது இரண்டு பேர். அம்மா, அப்புறம் அக்கா.

கொடைக்கானல் எனக்கும் பிடித்த ஊர்தான். ஆனால் மே மாதம் அக்னி நட்சத்திர வெயிலுக்குப் பயந்து ஊரே மலை ஏறுகிறது. 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் மேலே போக வேண்டும். பாஸ் கிடைத்தாலும் வளைவு வளைவாக மலைப் பாதை, வாகன நெரிசல், 2,000 மீட்டருக்கு மேல் குளிர். மூட்டு வலிக்காரருக்கு இதில் எதுவும் ஒத்துவராது.

சோழவந்தான் பக்கத்துக் குடும்பம் ஒன்று எனக்குப் பழக்கம். ஒரு வருஷம் மலை மேல் அழகான ரிசார்ட் எடுத்தார்கள். சரிவில் தனித்தனி வீடுகள், ஒரு வீட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகப் பத்துப் பதினைந்து கல் படிகள். பாட்டியை முதல் வீட்டில் விட்டார்கள். காலில் சாக்ஸ், தலையில் மப்ளர், மடியில் போர்வை. பிள்ளைகள் படகுச் சவாரிக்குப் போனார்கள், பெரியவர்கள் கடைவீதிக்குப் போனார்கள். 'பாட்டி, டீ வேணுமா?' என்று ஆள் மாற்றி ஆள் வந்து எட்டிப் பார்த்தார்களே தவிர, யாரும் உட்காரவில்லை. அடுத்த வருஷம் அதே குடும்பம் தங்கள் ஊர்த் தென்னந்தோப்பிலேயே கூடியது. பம்புசெட் தண்ணீர், மர நிழலில் ஜமுக்காளம், ஒரு கயிற்றுக் கட்டில். கட்டிலில் பாட்டி. தட்டை எடுத்துக்கொண்டு வந்த ஒவ்வொருவரும் அந்தக் கட்டிலைச் சுற்றித்தான் உட்கார்ந்தார்கள். கொள்ளுப்பேத்தி ஒருத்தி பாட்டியின் பாம்படக் காதைப் பிடித்துப் பார்த்துவிட்டு, 'இது ஏன் இவ்வளவு நீளம்?' என்று கேட்க, அதிலிருந்து ஒரு கதை தொடங்கி மத்தியானம் முழுக்க ஓடியது.

அண்ணன் சொல்வதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, அவர் அதை யோசிக்கவில்லை. நம் பக்கம் மாசி மாதம் சிவராத்திரிக்கு ஊர் ஊராகக் குலசாமி கும்பிடப் போவார்கள். அண்ணனும் தம்பியும் உங்கள் அப்பா வழிக் குலசாமிக்கு வரலாம். நீங்களும் அக்காவும்? கட்டிக்கொடுத்த பெண்களுக்குப் புகுந்த வீட்டுச் சாமிதானே குலசாமி! அன்று இரவு உங்கள் இரண்டு பேரையும் உங்கள் கொழுந்தன், நாத்தனார் எல்லாம் அங்கே எதிர்பார்ப்பார்கள். பொங்கலும் இப்படித்தான், அவரவர் வீட்டில் பானை வைத்தாக வேண்டும். பண்டிகை நாளில் கூடுவோம் என்று ஆண்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள், பெண்களுக்கு அன்று இரண்டு வீடு. சித்திரைத் திருவிழாவும் வேண்டாம். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் மதுரைக்குள் ரூம் கிடைப்பதே பாடு, அந்தக் கூட்டத்தில் அம்மாவை எங்கே உட்கார வைப்பீர்கள்?

உங்கள் வீட்டில் வைக்கவே வைக்காதீர்கள். 30 பேருக்குக் காபி போட்டு முடித்தால் டிபன், டிபன் முடித்தால் சாப்பாடு. இரண்டு நாளும் நீங்கள் அடுப்படியில் நிற்பீர்கள். உங்கள் மதினி 'நான் ஏதாவது செய்யட்டுமா?' என்று கேட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். கூடத்தில் எல்லோரும் சிரிக்கும் சத்தம் மட்டும் உங்களுக்குக் கேட்கும்.

சரி, எங்கேதான் வைப்பது? கூடுகிற இடமும் தூங்குகிற இடமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக் குழம்ப வேண்டாம். திருமங்கலம் பக்கம் அறைகளோடு ஒரு மினி ஹால் பாருங்கள். மதுரையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். நான்குவழிச் சாலை, ரயில் நிலையம் இரண்டும் உண்டு. அக்கா பேரையூர்ப் பக்கமிருந்து பஸ்ஸிலேயே வந்துவிடலாம். வில்லாபுரத்தில் உங்கள் வீட்டில் இரண்டு குடும்பம் தூங்கட்டும், மற்றவர்கள் அங்கேயே தங்கட்டும். ஒரு நாள் காலையில் மட்டும் வேன் பிடித்து ஊருக்குப் போய்ப் பழைய வீட்டைத் திறந்து, குலசாமிக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்துவிட்டு மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம். அண்ணன் மனசும் நிறையும்.

நாள் என்று பார்த்தால் நான் டிசம்பர் கடைசி வாரத்தைச் சொல்வேன். இங்கே அரையாண்டுத் தேர்வு விடுமுறை. சிங்கப்பூரில் பள்ளிகளுக்கு நவம்பர் பிற்பாதியிலிருந்து டிசம்பர் முடிய ஆண்டு இறுதி விடுமுறை. தம்பி சொல்லும் மே மாதத்தில் அவர் பிள்ளைகளுக்கு மாதக் கடைசியில்தான் லீவு தொடங்கும். அதோடு மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. மண்டபங்கள் காலியாக இருக்கும், வாடகையும் பேசிக் குறைக்கலாம். வெயிலும் தணிந்திருக்கும். ஆனால் அந்த நாளில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி நிரம்பி வழியும், லாட்ஜ் கிடைக்காது. திருமங்கலம் பக்கம் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். குடும்பத்தில் யாராவது மாலை போட்டிருக்கிறார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். போட்டிருந்தால் இரண்டு நாளும் சைவச் சமையல்தான், கறி விருந்து இன்னொரு முறைக்கு. ரயில் டிக்கெட் 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, விடுமுறை வாரம் என்பதால் திறந்த அன்றே போட்டுவிட வேண்டும். ஆகவே அக்டோபர் பிறக்கும் முன்பே தேதி முடிவாகியிருக்க வேண்டும்.

ஹாலுக்கு முன்பணம் கொடுக்கும் முன் நீங்களே அம்மாவை அழைத்துக்கொண்டு ஒரு நடை போய்ப் பாருங்கள். வண்டி வாசல் வரை வருகிறதா, கீழ்த்தளத்தில் வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா, அதன் வாசலில் படி உண்டா என்று அம்மா நடந்து பார்க்கட்டும். வாடகை என்று ஒரு தொகை சொல்வார்கள். கரண்ட் மீட்டர்படி தனி, ஜெனரேட்டர் டீசல் தனி, கூட்டிப் பெருக்கத் தனி என்று கணக்கு கடைசியில் வரும். எதெது சேர்த்தி என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்குச் சாவி தருவார்கள், எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும் என்பதையும் கேளுங்கள். சமையலுக்கு ஒரு மாஸ்டரும் இரண்டு உதவியாளர்களும் போதும். பரிமாறவும் ஆள் பேசுங்கள், இல்லாவிட்டால் அந்த வேலை உங்கள் வீட்டுப் பெண்கள் தலையில்தான் விழும்.

செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிக்காதீர்கள். பொதுக் கணக்கு ஒன்று போட்டு, ஆளுக்கு ஒரு பொறுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். தம்பி ஹால் வாடகை, அண்ணன் சமையல் கூலியும் மளிகையும், நீங்கள் வேனும் காய்கறியும். அக்காவிடம், 'ஊர்ப் பொங்கலுக்கு அரிசி, வெல்லம், தேங்காய், அடுப்பு எல்லாம் உன் பொறுப்பு, அன்னிக்கு நீ சொல்றபடிதான் நாங்க நடப்போம்' என்று சொல்லுங்கள். ஒவ்வொருவரும் எவ்வளவு போட்டார்கள் என்ற தொகை யார் வாயிலிருந்தும் வரக் கூடாது. தம்பியிடம் இதை நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. அந்தப் பழைய வீட்டைத் திறக்கும்போது யாராவது ஒருவர், 'இதை என்ன செய்யலாம்?' என்று ஆரம்பிப்பார். கெட்ட எண்ணத்தில் இருக்காது. ஆனால் பாகப் பேச்சு பேசச் சம்பந்தப்பட்ட நான்கு பேர் போதும், மாப்பிள்ளை மருமகள் பேரன் பேத்தி எல்லோரும் இருக்கும் இடத்தில் அது வேண்டாம். ஒருவர் சுருக்கென்று ஒரு வார்த்தை விட்டால் அம்மா அன்று சாப்பிடமாட்டார். வேறொரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அதை அண்ணனே முன்கூட்டி எல்லோரிடமும் சொல்லிவிடட்டும்.

அம்மா 'எங்க வச்சாலும் சரிதான்' என்பதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகளுக்குள் சண்டை வரக் கூடாது என்று பயந்து சொல்வது அது. கேள்வியை மாற்றிக் கேளுங்கள். 'யாரையெல்லாம் பார்க்கணும்மா?' என்று கேளுங்கள். ஊரில் நடக்க முடியாமல் கிடக்கும் ஒரு நாத்தனார் பெயரையோ, கூடப் பிறந்த தம்பி பெயரையோ சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால் வேன் ஊருக்குப் போகிற அன்று முதலில் அந்த வீட்டு வாசலில் நிற்கட்டும்.

தம்பிக்கும் அண்ணனுக்கும் போனில் சொல்லிக்கொள்ளலாம். அக்காவிடம் மட்டும் போனில் பேச வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே அம்மாவையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய், அவர் கையாலேயே காலண்டரில் தேதியைக் குறிக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு மற்ற இருவருக்கும், 'அக்கா தேதி சொல்லிட்டாங்க' என்று தகவல் அனுப்புங்கள்.