ஆஸ்திரேலியாவின் 2019–20 காட்டுத்தீ: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

செல்வி, கோவை: சார், வெயில் கூடினால் காடு தானாகப் பற்றிக்கொள்ளுமா?

பற்றாது அம்மா. பொறி வேறெங்கிருந்தாவது வர வேண்டும். சிட்னிக்கு வடமேற்கே ஐந்து லட்சம் ஹெக்டேருக்கு மேல் எரித்த கோஸ்பர்ஸ் மவுண்டன் தீயை மூட்டியது மின்னல். மின்னல் எல்லா வருடமும்தான் விழுகிறது. விழுந்த இடம் எவ்வளவு காய்ந்திருந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

காற்று ஒரு டிகிரி சூடேறினால் அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். மழை இல்லாதபோது அந்த ஈரத்தை மண், இலை, சருகு எல்லாவற்றிலிருந்தும் உறிஞ்சிக்கொள்ளும். 1910 முதல் ஆஸ்திரேலியா ஏறக்குறைய 1.5 டிகிரி சூடேறியிருக்கிறது. 2019 அந்த நாட்டின் பதிவுகளிலேயே மிக வெப்பமான, மிக வறண்ட வருடம். டிசம்பர் 18 அன்று நாடு முழுவதற்குமான சராசரி உச்ச வெப்பம் 41.9 டிகிரி! ஈரமான பள்ளத்தாக்குகளும் மழைக்காடுகளும் வழக்கமாகத் தீயைத் தடுத்து நிறுத்திவிடும். அந்த முறை கிழக்கு ஆஸ்திரேலியாவின் பழமையான கோண்ட்வானா மழைக்காடுகளிலேயே பாதிக்கு மேல் தீ புகுந்தது. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

முருகன், ஈரோடு: 1974–75இல் இதைவிடப் பெரிய பரப்பு எரிந்ததாமே? அப்போது யாரும் பருவநிலை மாற்றம் என்று சொல்லவில்லையே.

எரிந்தது உண்மைதான், 11 கோடி ஹெக்டேருக்கு மேல். ஆனால் அதில் பெரும்பகுதி உள்நாட்டுப் புல்வெளி. நல்ல மழையில் செழித்து வளர்ந்த புல் பிறகு காய்ந்து எரிந்தது. 2019–20இல் எரிந்ததோ தென்கிழக்கின் யூகலிப்டஸ் காடு. அந்த வகைக் காட்டில் ஒரு பருவத்தில் பொதுவாக 2 சதவீதம்கூட எரியாது. அந்த முறை சுமார் 21 சதவீதம். ஹெக்டேரை மட்டும் எண்ணினால் இந்த வேறுபாடு கண்ணில் படாது.

ரஹீம், நாகர்கோவில்: இந்தியப் பெருங்கடல் இருமுனைதான் காரணம் என்று படித்தேன். அப்படியானால் இயற்கைதானே?

அதுவும் ஒரு காரணம். அந்தக் கடலின் மேற்குப் பக்கமும் கிழக்குப் பக்கமும் வெப்பத்தில் மாறி மாறி ஏறி இறங்குவதைத்தான் இருமுனை என்கிறார்கள். 2019இல் கடலின் மேற்குப் பக்கம் சூடாகவும் சுமத்ரா பக்கம் குளிர்ந்தும் இருந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவில் வெள்ளம், ஆஸ்திரேலியாவில் வறட்சி. இந்த நிகழ்வு முன்பும் வந்திருக்கிறது. இப்போது அது வரும்போது நிலம் ஏற்கெனவே சூடேறிக் கிடக்கிறது.

கடும் வானிலையில் பருவநிலை மாற்றத்தின் பங்கை ஆராயும் வேர்ல்டு வெதர் அட்ரிபியூஷன் என்ற விஞ்ஞானிகள் குழு இதைக் கணக்கிட்டுப் பார்த்தது. மனிதரால் வந்த வெப்பமயமாதல், தீ எளிதில் பற்றிப் பரவும் அப்படிப்பட்ட வானிலைக்கான வாய்ப்பைக் குறைந்தது 30 சதவீதம் கூட்டியிருக்கிறது என்றது. கணினி மாதிரிகள் கடும் வெப்பம் கூடிவருவதைக் குறைத்தே காட்டுவதால்தான் ‘குறைந்தது’ என்ற சொல். வறட்சியில் மனிதப் பங்கு தெளிவாகத் தெரியவில்லை என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. அதனாலேயே அந்த ஆய்வை நான் மதிக்கிறேன்.

தினேஷ், சேலம்: தீ வைத்தவர்கள்தான் காரணம் என்று அப்போது பரவியதே அண்ணா?

பரவியது தம்பி. நியூ சவுத் வேல்ஸில் எரிந்த பரப்பில் தீவைப்பின் பங்கு மிகச் சிறிது.

கலா, திருச்சி: முன்கூட்டியே சருகை எரித்துவிட்டால் போதாதா?

சாதாரண நாட்களில், குறிப்பாக வீடுகளை ஒட்டிய இடங்களில், நல்ல பலன் தரும். ஆனால் மோசமான நாளில் கங்குகள் காற்றில் பல கிலோமீட்டர் பறந்து புதிய இடத்தில் விழுந்து பற்றவைக்கும். அப்புறம், பாதுகாப்பாக எரிப்பதற்கு ஏற்ற குளிர்ந்த நாட்களும் பல இடங்களில் குறைந்துவருகின்றன.

ஜெயந்தி, மதுரை: மகன் குடும்பத்தோடு கான்பெராவுக்குப் போகிறான். என்ன சொல்லி அனுப்பட்டும்?

புகையை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தப் பருவத்தில் தீயில் நேரடியாக இறந்தவர்கள் 33 பேர். புகையால் இறந்தவர்கள் நானூறுக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். வீட்டில் பி2 முகக்கவசம் (புகையின் நுண்துகள்களை வடிகட்டும் வகை) இருக்கட்டும். புகை சூழ்ந்தால் ஜன்னல்களைச் சாத்திவிட வேண்டும். அங்கே 2022 முதல் தீ அபாயத்தை நான்கு படிகளாக அறிவிக்கிறார்கள். புறநகரிலோ காட்டை ஒட்டியோ வீடு பார்த்திருந்தால், உச்சப் படியான ‘கேட்டஸ்ட்ரோஃபிக்’ அறிவித்த நாளில் புகை தெரியும்வரை காத்திருக்கக் கூடாது. முந்தின இரவே, முடியாவிட்டால் விடிந்ததுமே, குழந்தைகளோடு கிளம்பிவிட வேண்டும்.