வறட்டு இருமலுக்கு டானிக் மட்டும் போதுமா?

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. கடலூர் முதுநகரிலிருந்து புதுச்சேரிக்கு வேன் ஓட்டுகிறார். மூன்று வாரமாகச் சளியே இல்லாத வறட்டு இருமல். படுத்தால் இன்னும் அதிகம். மருந்துக்கடையில் கொடுத்த டானிக்கைக் குடித்தால் கண்ணைச் சுழற்றுகிறது என்கிறார். பாட்டிலில் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன், குளோர்பெனிரமின் என்று போட்டிருக்கிறது. இது போதை மருந்தா? இரண்டு மாதமாக ரத்தக் கொதிப்புக்கு எனலாப்ரில் மாத்திரையும் சாப்பிடுகிறார்.

பதில்: போதை மருந்து வகையைச் சேர்ந்தது கோடீன் என்ற வேறொரு இருமல் மருந்து. டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் அந்த வகை அல்ல. மூளையில் இருமலைத் தூண்டும் இடத்தை அது சற்று அடக்கி வைக்கிறது, அவ்வளவுதான். சொன்ன அளவில் குடித்தால் பழக்கமாகிவிடாது; அளவு மீறினால் மயக்கமும் பிதற்றலும் வரும். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. வீட்டுக் கரண்டிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை, பாட்டிலோடு வரும் சிறு மூடியில்தான் அளக்க வேண்டும்.

கண்ணைச் சுழற்றுவது பெரும்பாலும் குளோர்பெனிரமின் என்ற ஒவ்வாமை மருந்தின் வேலை. அதைக் குடித்துவிட்டு அவர் வேனில் உட்காரவே வேண்டாம். லெவோட்ரோப்ரோபிசின் என்றொரு மருந்து உண்டு. அது மூளையை விட்டுவிட்டு, மூச்சுக்குழாயின் நரம்புகளில் வேலை செய்வதால் தூக்கக் கலக்கம் குறைவு. ஆனாலும் அதை நான் இப்போது எழுதித் தரப்போவதில்லை.

ஏனென்றால், நீங்கள் கடைசியாகப் போகிற போக்கில் எழுதிய வரியில்தான் எனக்குச் சந்தேகம். எனலாப்ரில் சாப்பிடும் சிலருக்கு பிராடிகைனின் என்ற பொருள் உடலில் தேங்கி, தொண்டையில் மயிலிறகால் வருடுவது போன்ற அரிப்பும் வறட்டு இருமலும் வரும். மாத்திரை தொடங்கிச் சில மாதங்கள் கழித்துக்கூட வரலாம். இந்த இருமலுக்கு எத்தனை பாட்டில் டானிக் குடித்தாலும் வீண் செலவுதான்.

அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் மாத்திரை அட்டையோடு போங்கள்; லோசார்டான், டெல்மிசார்டான் போன்ற வேறொரு ரத்தக் கொதிப்பு மாத்திரைக்கு மாற்றித் தருவார். மாற்றிய மறுநாளே இருமல் நிற்காது. ஒன்று முதல் நான்கு வாரம் ஆகும், சிலருக்கு மூன்று மாதம்கூட. உதடோ நாக்கோ வீங்கினால் மட்டும் காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைக்கு ஓடுங்கள்.

இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமல் என்பதால், காசநோய் இல்லை என்று உறுதிசெய்வதும் அவசியம். அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். சளி வரவில்லை என்றால் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். இந்த வாரமே அழைத்துப் போங்கள்.