ஸ்லீப்பை 'நெவர்' என்று வைத்த பிறகும் ஐந்து நிமிடத்தில் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு கேட்கிறது. லாக்கை மொத்தமாக எடுத்துவிடலாமா?

விண்டோஸில் திரை அணைவது, கம்ப்யூட்டர் உறங்குவது (ஸ்லீப்), பூட்டிக்கொள்வது (லாக்) மூன்றும் தனித்தனி. நீங்கள் மாற்றியது நடுவில் உள்ளதை மட்டும். ஐந்து நிமிடத்தில் பூட்டுகிறது என்றால் என் சந்தேகம் ஸ்கிரீன் சேவர் மேல்தான். ஸ்டார்ட் மெனுவில் அதன் பெயரை அடித்துத் திறங்கள். 'ஆன் ரெஸ்யூம், டிஸ்ப்ளே லாகான் ஸ்கிரீன்' என்ற கட்டத்தில் டிக் இருக்கும். அதை எடுத்துவிடலாம், இல்லை நிமிடத்தைக் கூட்டலாம். ஆபீஸ் லேப்டாப்பில் அந்தக் கட்டம் மங்கலாகத் தெரிந்தால் நிர்வாகம் பூட்டி வைத்திருக்கிறது, விட்டுவிடுங்கள்.

செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், சைன் இன் ஆப்ஷன்ஸ் போனால் திரும்பி வரும்போது பாஸ்வேர்டு கேட்க வேண்டுமா என்பதும் இருக்கும். அதை 'நெவர்' ஆக்காதீர்கள். பேங்க் கணக்கு, ஆதார் நகல், குடும்பப் படம் எல்லாம் அதில்தானே கிடக்கிறது? பாஸ்வேர்டு நீளம் என்று சலிப்பாக இருந்தால் நாலு இலக்கப் பின் நம்பர் வைத்துக்கொள்ளலாம். எழுந்து போகும்போது விண்டோஸ் பட்டனோடு எல் எழுத்தைத் தட்டினால் அந்த நொடியே பூட்டிக்கொள்ளும்.

ஸ்லீப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டும். எங்கள் வீடு குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம். அப்பா ரப்பர் ஷீட்டுக் கணக்கை டெஸ்க்டாப்பில் எழுதுகிறார். போன ஐப்பசியில் ஒரு நாள் மத்தியானம் சேவ் செய்யாமல் சாப்பிடப் போனார், பெட்டி ஸ்லீப்புக்குப் போயிற்று. இடியோடு மழை, கரண்டும் போயிற்று. "மக்கா, காலையில அடிச்சது ஒண்ணையும் காணல்லயே" என்று அவர் நின்ற நிலை இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஸ்லீப்பில் நீங்கள் திறந்து வைத்தது எல்லாம் ராம் என்ற தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும். ராமுக்கு மின்சாரம் வந்துகொண்டே இருக்க வேண்டும். லேப்டாப்பில் பேட்டரி தாங்கும். யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் கரண்ட் போனால் அவ்வளவுதான். ஹைபர்னேட் அப்படியில்லை, எல்லாவற்றையும் டிஸ்க்கில் எழுதிவிட்டுத்தான் அணையும். ஹைப்ரிட் ஸ்லீப் என்று ஒன்று உண்டு, ராமிலும் வைத்து டிஸ்க்கிலும் எழுதும். எங்கள் பெட்டியில் அது ஆஃப் ஆகிக் கிடந்தது. கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் ஸ்லீப்புக்குக் கீழே பாருங்கள். எல்லாக் கம்ப்யூட்டரிலும் அது இருக்காது. இல்லையென்றால் அதே பவர் ஆப்ஷன்ஸில் 'சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ' திறந்து ஹைபர்னேட்டுக்கு டிக் போடுங்கள், பவர் மெனுவில் வந்துவிடும்.

இரண்டு மழைக்காலமும் வந்து போகிற நம் மாவட்டத்தில் டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் இதை இன்றைக்கே பார்த்துவிடுங்கள். பெரிய ஃபைல் இறங்கும்போது மட்டும் ஸ்லீப்பை 'நெவர்' ஆக்குங்கள், ஏனென்றால் உறங்கினால் டவுன்லோடும் நின்றுவிடும். திரை அணைந்தால் நிற்காது.

அப்பா பெட்டியில் இப்போது திரை 10 நிமிடத்தில் அணையும், ஹைப்ரிட் ஸ்லீப் 30 நிமிடத்தில், எழுப்பினால் பின் நம்பர் கேட்கும். சாப்பிடப் போகும் முன் சேவ் செய்ய கண்ட்ரோலும் எஸ்ஸும் அவரே தட்டிவிட்டுப் போகிறார்.