வாசகர் கேள்வி – பதில்: கொழும்பில் ஏது பருவகாலம்?

கேள்வி: நான் கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவள். வெயிலும் மழையும் தவிர இங்கே வேறு பருவம் இல்லை. பருவகாலங்களைப் பற்றி நான் எப்படிக் கவிதை எழுதுவது?
– வாசகி, வெள்ளவத்தை

தங்கச்சி, இருபது வயதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல், கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் வேர்க்க வேர்க்க உட்கார்ந்து 'இலையுதிர் காலம்' என்று ஒரு கவிதை எழுதிப் பத்திரிகைக்கும் அனுப்பிவிட்டேன். ஆசிரியர் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பினார்: "தம்பி, எந்தத் தெருவில் உதிர்ந்தது?" (அரச மரம் இலை கொட்டும்தான். ஆனால் நான் அதைப் பார்த்து எழுதவில்லையே.)

மே மாதம் தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் கரையோர ரயிலில் கடல் பக்கத்து ஜன்னலைத் திறக்க விடமாட்டார்கள். முகமெல்லாம் உப்புச் சாரல். வெசாக் கூடுகளுக்குப் பொலித்தீன் சுற்றுவார்கள். குசினியில் உப்புப் போத்தல் கசிந்து கிடக்கும். பிறகு தெருவோரத்தில் ரம்புட்டான் குவியும். ஒக்டோபர், நவம்பர் மழை வேறு சாதி: காலையில் வெயில் கொளுத்தும், பின்னேரம் ஒஃபிஸ் விடும் நேரம் பார்த்து இடி இடிக்கும். ஜனவரியில் விடியப்புறம் போர்வையைத் தேடவைக்கிற மெல்லிய குளிர். மார்ச், ஏப்ரலில் காற்று அசையாத புழுக்கம், குயில் சத்தம், முள்முருக்கில் சிவப்பு. இதற்கு மேல் என்ன பருவம் வேண்டும்?

யாழ்ப்பாணத்தார் காற்றுக்கே பெயர் வைத்திருக்கிறார்கள்: தென்மேற்கிலிருந்து வந்தால் சோளகம், வடக்கிலிருந்து வந்தால் வாடை. என் அம்மா கொழும்புக்கு வந்து முப்பது வருடமான பிறகும், கொடியில் உடுப்புப் பறந்தால் "சோளகம் கிளம்பிட்டுது" என்றுதான் சொல்வார். சங்கப் புலவர்களின் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்ற ஆறையும் அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. வெள்ளவத்தையில் பனியைத் தேடினால் ஐஸ் பெட்டிக்குள்தான் தேட வேண்டும். ஆனால் உங்கள் வீடு இருப்பது நெய்தல் நிலம். அதற்குரிய சிறுபொழுது எற்பாடு, பொழுது சாய்கிற நேரம். தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக்கு ஒரு பின்னேரம் போய் நில்லுங்கள். கைபேசியை வீட்டில் வைத்துவிட்டு.

கேள்வி: அம்மா இறந்து இரண்டு வருடம். அவரைப் பற்றி எழுதிய கவிதையை இணைத்திருக்கிறேன். எல்லாரும் எழுதுவது போலவே இருக்கிறதே, ஏன்?
– வாசகர், தெமட்டகொட

'அன்பின் கடலே, பாசத்தின் ஊற்றே' என்று தொடங்குகிறீர்கள். கடல் இருக்கிறது, ஊற்று இருக்கிறது, அம்மாவைக் காணவில்லை. ஆனால் கடிதத்தின் அடியில், மன்னிப்புக் கேட்பது போல இரண்டு வரி சேர்த்திருக்கிறீர்கள்: மழை நாளில் பள்ளிக்கூடச் சட்டை காயாவிட்டால் அம்மா நான்கு மணிக்கே எழும்பி இஸ்திரிப் பெட்டியால் காய வைப்பாராம், கொலர் மட்டும் ஈரமாகவே இருக்குமாம், பஸ்ஸில் கழுத்துக் குளிருமாம்.

ஐயா, கவிதையைக் கடிதத்தில் வைத்துவிட்டுக் கடிதத்தைக் கவிதை என்று அனுப்பியிருக்கிறீர்கள்! 'அன்பு', 'பாசம்' இரண்டையும் ஒரு மாதத்துக்குப் பேனாவில் ஏற்றாதீர்கள். மாதிரிக்கு நானே எழுதிப் பார்த்தேன்:

சட்டை காய்ந்துவிட்டது
கொலர் மட்டும் ஈரம்.
இப்போதும் மழை பெய்தால்
கழுத்தைத் தடவிப் பார்க்கிறேன்.

கடைசி வரி கொஞ்சம் நாடகமாக இருக்கிறது, வெட்டினாலும் குறையில்லை. அம்மா உங்களுடையவர், அந்தக் குளிரும் உங்களுடையது, ஆகவே நீங்களே எழுதுங்கள். சூடான இஸ்திரிப் பெட்டி ஈரத் துணியில் படும்போது எழும்பும் அந்த மணத்தை மறக்காமல் சேருங்கள். எனக்கு அது வரவில்லை.

கேள்வி: கவிஞன் தினமும் எழுத வேண்டுமா?
– வாசகர், கொம்பனித்தெரு

நான் எழுதுவதில்லை. பஸ் டிக்கெட்டின் பின்னால் ஏதாவது குறித்துச் சட்டைப் பையில் போடுவேன். பாதி துவைப்பில் போய்விடும். போன கிழமை தப்பியது ஒன்று: 'மருதானை. குடை திருத்துகிறவர். தலையில் பொலித்தீன் பை.' அதை என்ன செய்வதென்று இன்னும் பிடிபடவில்லை.