காண்ட்ராக்டரின் ஆள் உங்கள் ஆள் ஆவாரா?

கேள்வி: மஸ்கட்டில் வேலை பார்க்கிறேன். மன்னார்குடியில் மாடியோடு சேர்த்து 2,200 சதுர அடியில் வீடு கட்டப்போகிறோம். லேபரும் மெட்டீரியலும் காண்ட்ராக்டர் பொறுப்பு. ஊரில் அப்பா மட்டும்தான். அவரால் அலைய முடியாது. மேற்பார்வைக்குத் தனியாக ஓர் என்ஜினீயர் போடலாமா என்றால், "என் சூப்பர்வைசர் தினமும் சைட்டில் இருப்பார், எதுக்கு வீண் செலவு?" என்கிறார் காண்ட்ராக்டர். ஆள் வைக்கத்தான் வேண்டுமா? வைத்தால் மாதச் சம்பளமா, சதவீதமா?

பதில்: வையுங்கள் தம்பி. காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் கெட்டிக்காரராகவே இருக்கலாம். ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுப்பது யார்? கலவையில் சிமென்ட் குறைகிறது என்று அவர் மஸ்கட்டுக்குப் போன் போடுவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

தளம் போடும் நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். கலவை கெட்டியாக இருந்தால் அள்ளிக் கொட்டுவது சிரமம். "இன்னும் கொஞ்சம் தண்ணி விடுப்பா" என்று மிக்சர் பக்கம் குரல் கேட்கும். விட்டால் வேலை ஓடும், கான்கிரீட்டின் பலம் போகும். வேண்டாம் என்று சொல்ல அங்கே ஒருவர் நிற்க வேண்டும். அவருக்கு முந்தின நாளே வேலை இருக்கிறது. தளத்துக் கம்பி பலகையோடு ஒட்டிக் கிடக்கக் கூடாது, அடியில் 20 மி.மீ. கவர் பிளாக் (கம்பியைத் தூக்கி நிறுத்தும் சிறு கட்டை) வேண்டும்; தூணுக்கு 40. இல்லாவிட்டால் கம்பி துருவேறி, பின்னால் காரை பெயர்ந்து விழும். கொட்டி முடித்த பிறகு இதை யார் பார்க்க முடியும்? கம்பிகளின் இடைவெளி தெரிய, குறுக்கே டேப்பை விரித்து வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். (நம் ஊரில் படம் என்றால் பூஜை போட்டதைத்தான் அனுப்புவார்கள்.)

அப்புறம் தளத்தைத் தாங்கும் முட்டு பிரிப்பது. சென்ட்ரிங் சாமான் (பலகையும் முட்டும்) அடுத்த சைட்டுக்குப் போக வேண்டும் என்று அவசரப்படுவார்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 படி 4.5 மீட்டர் வரை ஸ்பான் (தாங்கும் இடங்களுக்கு நடுவே உள்ள தூரம்) உள்ள தளத்துக்குக் குறைந்தது 7 நாள், அதற்கு மேல் 14 நாள்; 6 மீட்டர் வரை உள்ள பீமுக்கு 14 நாள். பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமென்ட் என்றால் இன்னும் சில நாள் விடுவது நல்லது, கான்கிரீட் காயாமல் தண்ணீர் கட்டுவதும் 10 நாளுக்குக் குறையக் கூடாது.

தினமும் வந்து நாற்காலி போட்டு உட்கார ஆள் வேண்டியதில்லை. மார்க்கிங், அஸ்திவாரக் குழி, கம்பி கட்டி முடித்த நாள், கான்கிரீட் நாள், பாத்ரூம் வாட்டர்ப்ரூஃபிங் – இந்த நாட்களில் கட்டாயம் இருக்க வேண்டும். உங்கள் பக்கம் களிமண் அதிகம். குழியை அவர் இறங்கிப் பார்க்காமல் பி.சி.சி. (கம்பியில்லாத அடிக் கான்கிரீட்) கொட்ட விடாதீர்கள்.

ஆளைப் பிடிக்கும்போது சர்டிஃபிகேட்டை அப்புறம் பார்க்கலாம். கட்டிக்கொண்டிருக்கும் வேறொரு வீட்டுக்கு அவரை அழைத்துப் போய், என்ன குறை தெரிகிறது என்று அப்பாவை ஒருமுறை கேட்கச் சொல்லுங்கள். "12 மி.மீ. கம்பி, 12 மீட்டர் நீளம், எத்தனை கிலோ?" என்றும் கேட்கட்டும். விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை. முழுக் கம்பி பத்தரைக் கிலோவுக்குச் சற்று மேலே வரும். சைட்டில் நின்றவர் யோசிக்காமல் சொல்வார்.

சதவீதம் வேண்டாம், செலவு ஏற ஏற அவர் பங்கும் ஏறும். மாதச் சம்பளம் என்றால் வேலை இழுக்க இழுக்க அவருக்கு நல்லது. அஸ்திவாரம், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் பீம்), தளம், பூச்சு என்று கட்டம் கட்டமாகக் கொடுங்கள். சாவி கைக்கு வரும்வரை ஒரு பங்கை நிறுத்தி வையுங்கள். அவர் அளந்து எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே காண்ட்ராக்டர் பில்லுக்குப் பணம். அதையும் நீங்களே நேரடியாக அனுப்புங்கள். டைல்ஸ் கடையை அவர் கைகாட்டினால், விலையை நீங்கள் தனியாக விசாரியுங்கள்.

வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் உங்கள் என்ஜினீயருக்கு உண்டு என்று காண்ட்ராக்டர் அக்ரிமென்டில் ஒரு வரி இருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் சைட்டில் டீ குடித்துவிட்டுப் போகும் விருந்தாளிதான். அக்ரிமென்ட் இன்னும் கையெழுத்தாகவில்லையே? அப்படியானால் முதலில் என்ஜினீயரைப் பிடித்து, அந்தத் தாளையே அவரிடம் படிக்கக் கொடுங்கள்.