விடை வந்தால் விளங்கிவிட்டதா?

அண்ணா, மாங்குளத்துக்குக் கிட்ட உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். புரோத்தனின் திணிவைக் கணினியில் எடுத்துவிட்டார்கள் என்றால், அதுக்குள்ளே குவார்க் துணிக்கைகளைக் கட்டிவைக்கும் வன்விசை விளங்கிவிட்டது என்றுதானே அர்த்தம்? இன்னும் என்னத்தைத் தேடுகிறார்கள்? குவாண்டம் புலக் கோட்பாடு தொடங்க ஒரு புத்தகமும் சொல்லுங்கோ. வன்னியில் இருந்துகொண்டு இதெல்லாம் கேட்பது கூடிப்போச்சோ தெரியாது.

அன்புள்ள தங்கச்சி,

கடைசி வரியை வெட்டி எறியுங்கோ. குவார்க் மாங்குளத்திலும், பெரிய துணிக்கை ஆய்வுகூடம் இருக்கிற ஜெனீவாவிலும் ஒன்றுதான்.

உங்கள் முதல் கேள்வி என்னையும் கொஞ்ச நாளாக அரிக்கிறது. புரோத்தனுக்குள் இருக்கும் மூன்று குவார்க்குகளின் திணிவையும் கூட்டினால் ஏறத்தாழ 9 மில்லியன் இலத்திரன்வோல்ட். புரோத்தனோ 938. மிச்சமெல்லாம் அவற்றின் இயக்கத்திலும் அவற்றை ஒட்டவைக்கும் குளுவோன் புலத்திலும் உள்ள சக்தி. வெளியையும் காலத்தையும் சிறு கட்டங்களாகப் பிரித்துக் கணிக்கும் வழியை 1974 இல் அமெரிக்கப் பௌதிகவியலாளர் கென் வில்சன் சொன்னார். 2008 இல் ஐரோப்பியக் குழு ஒன்று அந்த வழியில் புரோத்தனின் திணிவைச் சில வீத வழுவுக்குள் எடுத்தது. அதை யாராவது குறைத்துப் பேசினால் எனக்குக் கோபம் வரும்.

ஆனால், விடையைப் பார்க்கும் முன் அது எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடிகிறதா? மின்காந்த விசையில் முடியும். அங்கே விசையின் வலிமையைச் சொல்லும் இணைப்பு மாறிலி ஏறத்தாழ 1/137. கணக்கில் அடுத்தடுத்துச் சேர்க்கும் திருத்தங்கள் சிறுத்துக்கொண்டே போகும். வன்விசையில் புரோத்தன் அளவு தூரத்துக்கு வந்தால் அந்த மாறிலி ஒன்றுக்குக் கிட்ட வந்துவிடும். எந்தத் திருத்தத்தையும் விட்டுவிட ஏலாது. கிட்டத் தூரத்தில் விசை தளரும் என்று 1973 இல் குரோஸ், வில்செக், பொலிட்சர் காட்டினார்கள், 2004 இல் நோபலும் வாங்கினார்கள். தூரம் கூடும்போது குவார்க் ஏன் தனியே வெளிவருவதில்லை என்பதற்கு இன்றுவரை கணித நிறுவல் இல்லை. இதோடு ஒட்டிய திணிவு இடைவெளிக் கேள்விக்கு (மிக இலேசான துணிக்கைக்கும் பூச்சியமல்லாத திணிவு ஏன் என்பது) கிளே கணித நிறுவகம் 2000 இல் அறிவித்த 10 இலட்சம் டொலர் அப்படியே கிடக்கிறது.

மண்ணெண்ணெய் அருமையாயிருந்த தொண்ணூறுகளில் வட்டக்கச்சியில் உயர்தரம் படித்தேன். ஒரு மாஸ்டர் புள்ளித்திட்டத்தை மனப்பாடமாக்கிவிட்டார்; ஏன் என்று கேட்டால் “சோதினைக்கு வராது” என்பார். மற்றவர் விடை சரியாக வந்த பிறகுதான் தொடங்குவார்: “இனிக் கணக்குச் செய்யாமல் சொல்லு, திணிவை இரட்டித்தால் என்ன நடக்கும்?” அரை மணித்தியாலம் நிற்கவைப்பார். எனக்குப் பௌதிகவியல் விளங்கியது அந்த அரை மணித்தியாலத்தில்தான்.

“இன்னும் என்னத்தைத் தேடுகிறார்கள்” என்ற உங்கள் வரியில் முதல் மாஸ்டரின் குரல் கேட்கிறது, தங்கச்சி. ஒரு ஆசிரியையிடமிருந்து அதைக் கேட்க எனக்கு வலிக்கிறது. உங்கள் பிள்ளைகளும் அதைத்தான் கேட்டு வளர்கிறார்களா?

புத்தகத்துக்கு அவசரமில்லை. எளிமை இசையியக்கத்தைக் குவாண்டம் முறையில் உங்கள் கையாலேயே தீர்த்துப் பாருங்கோ. புலக் கோட்பாடு அங்கிருந்துதான் கிளம்புகிறது. எங்கே இடறுகிறதோ அதை எனக்கு எழுதுங்கோ.