டச்சு எனாமல் பானைகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பழைய பொருள் கடையில் வாங்கிய பானையின் அடியில் 'டிரூ ஹாலந்து' என்று இருக்கிறது. இது எவ்வளவு பழையது?

டிரூ என்பது டீபன்ப்ரோக், ரைகர்ஸ், உல்ஃப்ட் என்ற மூன்றின் முதலெழுத்துகள். முதல் இரண்டும் குடும்பப் பெயர்கள், மூன்றாவது ஊர். நெதர்லாந்தின் கிழக்கே, ஜெர்மன் எல்லையை ஒட்டிய சிற்றூர் உல்ஃப்ட். அந்த வட்டாரத்துச் சதுப்பு நிலத்தில் இரும்புத்தாது அதிகம் ஆழமில்லாமலே கிடைத்தது. உலைக்குக் கரி தரக் காடு இருந்தது, துருத்தியை ஓட்ட ஆறு இருந்தது. அதனால்தான் 1754-ல் அங்கே இரும்பு உலை எழுந்தது. வார்ப்படச்சாலைக் கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன, கலை நிகழ்ச்சிகளுக்குப் பயன்படுகின்றன.

ஆனால் 1754 ஆலையின் வயது, உங்கள் பானையின் வயதல்ல. விற்பவர்கள் இந்த இரண்டையும் குழப்பித்தான் விலையை ஏற்றுகிறார்கள். பளிச்சென்ற ஆரஞ்சு, மஞ்சள் நிறப் பானைகள் பெரும்பாலும் இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தியவை. அடியில் உள்ள 22, 24 போன்ற எண்ணை ஆண்டு என்று நினைக்க வேண்டாம். அது பொதுவாக அளவைக் குறிக்கும். வாயின் குறுக்கே டேப் வைத்து சென்டிமீட்டரில் அளந்து பாருங்கள்.

என்னிடம் இருப்பது 'பிகே' முத்திரை போட்ட சாம்பல் நிறப் பானை. இதுவும் வார்ப்பிரும்பா, அதாவது இரும்பை உருக்கி அச்சில் ஊற்றிச் செய்ததா?

பிகே என்றால் பெர்க், காம்பன். பெர்க் குடும்பப் பெயர், காம்பன் ஊர். நெதர்லாந்தின் காம்பன் நகரில் 1851-ல் தொடங்கிய நிறுவனம். மேகம் படர்ந்தாற்போன்ற சாம்பல் நிற எனாமல்தான் அதன் அடையாளம். அந்தப் பானைகள் எஃகுத் தகட்டை அச்சில் அழுத்திச் செய்தவை, வார்த்தவை அல்ல. காந்தம் இரண்டிலும் ஒட்டும், அதனால் காந்தத்தை வைத்துத் தீர்மானிக்க முடியாது. விளிம்பைப் பாருங்கள். தகட்டுப் பானையின் சுவர் மெல்லியது, விளிம்பு வெளிப்பக்கம் சுருட்டி மடித்திருக்கும். வார்ப்பிரும்பின் சுவர் மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிமன் இருக்கும், கைப்பிடி தனியாக ஒட்டாமல் உடலோடு சேர்ந்தே வார்த்திருக்கும். தகட்டுப் பானை பால் காய்ச்ச, சூப் வைக்க நல்லது. இறைச்சியை மூன்று மணி நேரம் சிறு தீயில் வேகவைக்க வார்ப்பிரும்புதான் சரி.

'டச்சு ஓவன்' என்ற பெயர் ஹாலந்துக்காரர்கள் வைத்ததா?

இல்லை. மூடியுள்ள கனத்த வார்ப்பிரும்புப் பானையைத்தான் ஆங்கிலத்தில் 'டச்சு ஓவன்' என்பார்கள். ஹாலந்துக்காரர்கள் இதை 'பிராட்பான்' என்கிறார்கள், வறுக்கும் பானை என்று பொருள். இங்கிலாந்தின் ஆபிரகாம் டார்பி, ஹாலந்தில் பித்தளைப் பாத்திரங்களை மணல் அச்சில் வார்ப்பதைக் கண்டு, அதே வழியில் இரும்புப் பானை வார்க்க 1707-ல் காப்புரிமை பெற்றார். பெயருக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் இதுதான். அந்தப் பானைகளில் எனாமல் கிடையாது.

உள்பக்க வெள்ளை பழுப்பாகிவிட்டது. சுத்தம் செய்தால் போதுமா, தூக்கிப்போட வேண்டுமா?

இதை நிதானமாகப் பார்க்க வேண்டும். எனாமல் பூச்சு பெயின்ட் அல்ல, கண்ணாடி. கண்ணாடிப் பொடியை நீரில் குழைத்துப் பூசி, சுமார் 750–850 டிகிரி செல்சியஸில் சுட்டு உருக்கி ஒட்டவைப்பார்கள். ஆகவே கறை என்பது மேலே படிந்தது, தேய்மானம் என்பது கண்ணாடியே போனது. இரண்டையும் பிரித்தறிய வேண்டும்.

முதலில் ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா போட்டு, பத்து நிமிடம் மெல்லக் கொதிக்கவிடுங்கள். வெதுவெதுப்பாக ஆறியதும் மரக்கரண்டியால் சுரண்டுங்கள். கம்பிநார் வேண்டாம், அது போடும் கீறலில்தான் அடுத்த கறை பிடிக்கும். கழுவித் துடைத்தபின் டார்ச்சைச் சாய்வாகப் பிடியுங்கள். பளபளப்பு இருந்தால் பானை நலம், மிச்சக் கறையால் கெடுதல் இல்லை. மங்கிச் சொரசொரப்பாக இருந்தால் அமிலமும் தேய்ப்பும் பூச்சைத் தின்றிருக்கின்றன. அப்புறம் கடுந்தேநீர் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுத் துடையுங்கள். சிலந்தி வலைபோல் பழுப்புக் கோடுகள் நின்றால், பூச்சில் மயிரிழை விரிசல் இருக்கிறது.

நகத்தால் தடவினால் வழுவழுவென்று இருக்கும் சிறு கரும்புள்ளிகளைக் கண்டு பயப்பட வேண்டாம். சுடும்போது இரும்பிலுள்ள கரியிலிருந்து வாயு கிளம்பி உண்டான குமிழின் தடம் அது. வார்ப்பிரும்பில் எனாமல் ஏற்றுவது கடினமான கலை என்பதற்கு அதுவே சாட்சி.

சில்லு பெயர்ந்த இடத்தை ஒட்டி மறைக்கலாமா?

வெளிப்பக்கமோ விளிம்போ என்றால், உலரவைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் துரு பிடிக்காது. உள்பக்கம் என்றால் அதில் சமைக்காதீர்கள். இரும்பு தெரிவதால் அல்ல. பள்ளத்தின் ஓரத்தில் நிற்கும் கண்ணாடி அடுத்தடுத்து உதிர்ந்து உணவில் விழும். கடையில் கிடைக்கும் எபாக்சி என்ற பிசின் பூச்சு சமையல் சூட்டுக்கு ஆனதல்ல.

சில்லு பெயர்வதற்கு முக்கியக் காரணம் திடீர்ச் சூடும் திடீர்க் குளிர்ச்சியும். சுட்டு ஆறும்போது இரும்பு எனாமலைவிடச் சற்று அதிகமாகச் சுருங்குவதால், எனாமல் எப்போதும் இறுக்கப்பட்டே இருக்கிறது. அந்த இறுக்கமே அதன் பலம். சூடான பானையில் குளிர்ந்த நீரை ஊற்றினால் கண்ணாடி முந்திச் சுருங்கி இறுக்கத்தை இழந்து வெடிக்கும். வெறும் பானையைப் பெருந்தீயில் வைத்தாலும் அடியிலிருக்கும் இரும்பு விரிந்து அதே கதிதான்.

ஆரஞ்சு நிறத்தில் நச்சு உண்டா? இண்டக்ஷனில் வைக்கலாமா?

சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் எனாமல்களில் காட்மியம் என்ற நச்சு உலோகம் கலந்த நிறமி சேர்ப்பது வழக்கமாக இருந்தது. அந்த நிறம் வெளியில் மட்டும் இருந்து, உள்ளே வெள்ளை பளபளப்பாக இருந்தால் சமைக்கலாம். உள்பக்கமே நிறமாகவும் மங்கலாகவும் இருந்தால் புளி, தக்காளி, எலுமிச்சை கூடாது. என்னைக் கேட்டால் அதை அலமாரியில் அழகுக்கு வைத்துவிடுங்கள். வீட்டில் தேய்த்துப் பார்க்கும் ஈயச் சோதனைக் குச்சி காட்மியத்தைக் காட்டாது.

இண்டக்ஷனில் நன்றாகவே வேலை செய்யும். குறைந்த சூட்டில் ஐந்து நிமிடம் வைத்தபின் மெல்லக் கூட்டுங்கள். பழைய பானைகளின் அடி சொரசொரப்பாக இருக்கும், இழுக்காமல் தூக்கி வையுங்கள். ஓவனில் வைப்பதானால் மூடியின் கறுப்பு பேக்லைட் (பழைய வகைப் பிளாஸ்டிக்) குமிழை முதலில் கழற்றிவிடுங்கள். 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் அது வெடித்துப் பிளக்கலாம்.